வெளி ஈசியுவில் வீல் ஸ்பீடு சென்சார்: கேள்வியும் பதிலும்

வெளியில் வாங்கிப் போட்ட ஈசியுவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஃப்யூயல் மேப்புக்காக நாள் கணக்கில் உட்காருபவர்கள்கூட வீல் ஸ்பீடுக்கு ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கினால் பவரைக் குறைக்கும் வசதி) வேலை செய்யவில்லை என்ற புகார் அப்புறம்தான் வருகிறது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார், என் ஸ்விஃப்ட்டில் 195/55 ஆர்15 டயர், ஏபிஎஸ் ரிங்கில் (சென்சார் ஒவ்வொரு பல்லையும் ஒரு பல்ஸாக எண்ணும் வளையம்) 44 பல். ஈசியு "ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பல்ஸ்" என்று கேட்கிறது. டயர் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் போதுமா?

ஆரம்பிக்க அது போதும், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். டயர் பக்கவாட்டில் எழுதியிருப்பதை வைத்துக் கணக்குப் போட்டால் விட்டம் 595.5 மிமீ, சுற்றளவு 1.871 மீட்டர். ஆனால் வண்டி பாரத்தில் டயர் அமுங்கும். உருளும்போது ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் பொதுவாக இதைவிட இரண்டு மூன்று சதவீதம் குறைவு.

அதனால் அளந்தே பாருங்கள். காற்றை வழக்கமாக ஓட்டும் அழுத்தத்துக்கு வையுங்கள். டிரைவர் சீட்டில் ஆள் இருக்க வேண்டும். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். சமதளத்தில் ஐந்து சுற்று நேராகத் தள்ளி, டயர் கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தைக் குறித்து டேப் பிடியுங்கள். 9.10 மீட்டர் வந்தால் ஒரு சுற்றுக்கு 1.82. பல் எண்ணிக்கையை 1000-ஆல் பெருக்கி இதால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 24,176 பல்ஸ். வெறும் டயர் கணக்கு 23,517 என்று சொல்லியிருக்கும். அதைப் போட்டால் நிஜத்தில் 100-இல் போகும்போது ஈசியு கிட்டத்தட்ட 103 காட்டும்.

ஈசியுவில் ஃப்ரீக்வென்சி பார்க்கும் வசதி இருந்தால், 100 கிமீ வேகத்தில் சுமார் 670 ஹெர்ட்ஸ் வருகிறதா என்று பாருங்கள். அதில் பாதியோ இரட்டிப்போ வந்தால் பல் எண்ணிக்கையிலோ எட்ஜ் செட்டிங்கிலோ (பல்ஸின் ஏற்றம், இறக்கம் எதை எண்ணுவது என்ற தேர்வு) தவறு இருக்கிறது.

டேஷ்போர்டு ஸ்பீடோமீட்டரோடு ஒத்துப்போகிற மாதிரி வைத்தேன். நண்பர் ஜிபிஎஸ் போட்டால் குறைவாகக் காட்டுகிறதே?

ஜிபிஎஸ் சொல்வதுதான் சரி. ஸ்பீடோமீட்டர் வேண்டுமென்றே கூட்டிக் காட்டும். ஐநா விதி எண் 39-இன்படி அது நிஜ வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. அதிகமாகக் காட்டலாம், பத்தில் ஒரு பங்கும் அதன்மேல் 4 கிமீயும் வரை. அதை வைத்து எதையும் சரிபார்க்காதீர்கள்.

நேரான ரோட்டில் ஒரே வேகத்தில் போய் ஜிபிஎஸ் எண் அசையாமல் நின்றபின் ஒப்பிடுங்கள். முடுக்கும்போது ஜிபிஎஸ் கொஞ்சம் பின்தங்கும். ஈசியு 84, ஜிபிஎஸ் 80 என்றால் பழைய பல்ஸ் எண்ணை 84-ஆல் பெருக்கி 80-ஆல் வகுத்துப் போடுங்கள். வேலை முடிந்தது.

அண்ணா, நேர் ரோட்டில் சக்கரம் சுழலவே இல்லை, ஆனாலும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் பவரை வெட்டுகிறது. ஃப்ரன்ட் வீல் டிரைவ் வண்டி.

முன்னாடி பழைய டயர், பின்னாடி புது டயரா? இந்தக் கேள்வி கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். புது டயரில் ட்ரெட் 8 மிமீ, தேய்ந்ததில் 3 மிமீ என்றால் ஆரத்தில் 5 மிமீ வித்தியாசம். இந்த அளவு டயரில் அது 1.7 சதவீதம். தேய்ந்த முன்சக்கரம் எப்போதும் பின்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றும், ஈசியு அதை வழுக்கல் என்றே எண்ணும். அனுமதிக்கும் வழுக்கலின் டார்கெட் 5 சதவீதம் வைத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது.

சரி, எப்படிச் சரிசெய்வது? ட்ராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு நிஜ வேகம் எவ்வளவு என்பது அவ்வளவு முக்கியமில்லை, நான்கு சக்கரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதுதான் முக்கியம். 60, 70 வேகத்தில் நேராகப் போய், நியூட்ரலில் விட்டு, உருளவிட்டு லாக் (ஈசியு பதிவு) எடுங்கள். இன்ஜின் இழுக்காதபோது வழுக்கல் கிடையாது, நான்கு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். எது விலகுகிறதோ அதன் பல்ஸ் எண்ணை மட்டும் மாற்றுங்கள். நான்கும் படிந்தபின் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் ஜிபிஎஸ்ஸுக்கு இழுத்துக்கொள்ளலாம். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு வேலையையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

வளைவில் மட்டும் வெட்டினால் அது வேறு கதை. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில், சக்கரங்களுக்கு நடுவே 1.48 மீட்டர் இருந்தால், வெளிச்சக்கரமும் உள்சக்கரமும் 7 சதவீதத்துக்கு மேல் வேறுபடும். ஒரே ஒரு பின்சக்கரத்தை ரெஃபரன்ஸாக வைத்தால் ஒரு பக்க வளைவில் வெட்டும், மறுபக்கம் தூங்கும். இடது வலது சராசரியை எடுக்கச் சொல்லுங்கள். கோவை கரி ஸ்பீட்வே மாதிரி குறுகிய வளைவுகள் உள்ள ட்ராக்குக்குப் போகிறவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

சென்சாரில் இரண்டு ஒயர்தான் இருக்கிறது. அப்படியானால் அது விஆர் (காயில் வகை சென்சார்) தானே?

இல்லை, இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்றைய கார்களில் வரும் ஆக்டிவ் ஏபிஎஸ் சென்சாருக்கும் இரண்டே ஒயர்தான். விஆர் என்றால் உள்ளே வெறும் காயில். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து, ஜாக்கி போட்டு சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றினால் வோல்ட் ஏறுவது தெரியும். ஓம் அளந்தால் பெரும்பாலும் ஓரிரு கிலோ ஓம். ஆக்டிவ் சென்சார் தானாக எதையும் தராது, சப்ளை கொடுக்க வேண்டும். அது பேசுவது கரன்ட்டில்: 7 மில்லி ஆம்ப், 14 மில்லி ஆம்ப் என்று மாறி மாறி இழுக்கும். தொடரில் 100 ஓம் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது 0.7 வோல்ட்டும் 1.4 வோல்ட்டும். சாதாரண டிஜிட்டல் இன்புட்டுக்கு இது போதாது, நடுவில் ஒரு கம்பரேட்டரோ கன்வர்ட்டரோ வேண்டும். விஆர் சென்சாருக்கு மேக்ஸ் 9926 மாதிரி கண்டிஷனர் சிப் இருக்கும் போர்டாகப் பாருங்கள்.

ஏபிஎஸ் ரிங்கே கண்ணில் படவில்லை என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். பல வண்டிகளில் அது பேரிங்கின் சீலுக்குள் காந்தத் துருவங்களாக இருக்கும். பேரிங்கைத் திருப்பிப் போட்டு அழுத்தினால் சிக்னல் போய்விடும். பேரிங் மாற்றியதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

வேகக் கோடு லாகில் ரம்பம் மாதிரி வருகிறது. ஃபில்டரைக் கூட்டினால் போதுமா?

ஃபில்டர் கூட்டினால் கோடு அழகாகும், ஆனால் வழுக்கலைத் தாமதமாகக் கண்டுபிடிப்பீர்கள். காரணத்தைத் தேடுங்கள். 60 கிமீ வேகத்தில் இந்தச் சக்கரம் நொடிக்கு ஒன்பது முறைக்குச் சற்று மேல் சுற்றும். நொடிக்கு அதே ஒன்பது பள்ளம் தெரிந்தால் ரிங்கில் பல் உடைந்திருக்கிறது, அல்லது ரிங் கோணலாக ஓடுகிறது. டிரைவ் ஷாஃப்டில் அழுத்திப் பொருத்திய ரிங் துருப்பிடித்து விரிசல் விட்டிருக்கலாம், டார்ச் அடித்துப் பாருங்கள். லாக் வேகம் நொடிக்கு 50 தடவையாவது இருந்தால்தான் இது தெளிவாகத் தெரியும். வேகத்தோடு சம்பந்தமில்லாமல் ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறினால் இக்னிஷன் நாய்ஸ். முறுக்கிய ஜோடி ஒயர் போட்டு, மேல் ஷீல்டை ஈசியு பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்கள்.

நான் ஈப்போவிலிருந்து. தினசரி ஓட்டும் மைவி கார். ஏபிஎஸ் சென்சார் ஒயரிலிருந்து ஒரு இழை எடுத்துக்கொள்ளலாமா அண்ணே?

வேண்டாம். கரன்ட்டில் பேசும் ஒயரில் இன்னொன்றைத் தொங்கவிட்டால் ஏபிஎஸ் மாட்யூல் குழம்பி, விளக்கைப் போட்டுவிட்டு ஏபிஎஸ்ஸையே நிறுத்திவிடலாம். ரோட்டு வண்டியில் அந்தப் பிரேக்கைவிட உங்கள் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் பெரிதில்லை. பல வண்டிகளில் ஏபிஎஸ் மாட்யூலே நான்கு சக்கர வேகத்தையும் கேன் லைனில் (மாட்யூல்கள் தங்களுக்குள் பேசும் ஒயர் ஜோடி) அனுப்பிக்கொண்டிருக்கும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதைக் கேட்க மட்டும் செய்யுங்கள். வண்டி ஆஃபில் இருக்கும்போது இரண்டு கேன் ஒயருக்கும் நடுவே 60 ஓம் காட்டினால் இரு முனை ரெசிஸ்டரும் ஏற்கெனவே இருக்கின்றன, மூன்றாவதைச் சேர்க்காதீர்கள்.

லாஞ்சில் (நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது) முதல் சில மீட்டர் வேகம் பூஜ்ஜியமாகவே நிற்கிறது.

விஆர் சென்சாரின் குணம் அது. மெதுவாகச் சுற்றினால் சிக்னல் மிகச் சிறிது. சென்சாருக்கும் பல்லுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா பாருங்கள். அப்படியும் வராவிட்டால் ஹால் வகைக்கு (காந்தப்புலத்தை உணரும் சென்சார்) மாறுங்கள். எதுவானாலும் 10 கிமீக்குக் கீழே வழுக்கலைச் சதவீதத்தில் பார்க்காமல் கிமீ வித்தியாசமாகப் பாருங்கள். 2 கிமீ வேகத்தில் ஒரு கிமீ வித்தியாசமே 50 சதவீதம் ஆகிவிடும்.

ஸ்லிக் (ட்ரெட் இல்லாத ரேஸ் டயர்), மழை டயர் இரண்டும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் தள்ளி அளக்கணுமா?

ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு தடவை அளந்து தனித்தனி ஃபைலாகச் சேமித்துவையுங்கள். ஃபைல் பெயரில் டயரையும் காற்றழுத்தத்தையும் எழுதிவிடுங்கள், மழை வந்து பிட்டில் அவசரப்படும்போது எது எது என்று தேட வேண்டியிருக்காது.