டெஸ்டோஸ்டிரான் ஊசி போடலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. வாரத்தில் நான்கு நாள் குடிப்பேன், விடுமுறை நாளில் கஞ்சா. ஆறு மாதமாக ஒரே சோர்வு, தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை. குழந்தைக்கும் முயற்சி செய்கிறோம். சாயங்காலம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரான் 270 என்று வந்தது. ஜிம் நண்பர் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். குழந்தை வேண்டும் என்கிறவர் அந்தப் பக்கமே போகக் கூடாது. டெஸ்டோஸ்டிரான் என்ற ஆண் ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால், மூளை 'அதான் இருக்கிறதே' என்று எடுத்துக்கொண்டு, விரைகளை வேலை செய்யச் சொல்லும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் அடக்கிவிடும். விரை சுருங்கும், விந்தணு எண்ணிக்கை பூஜ்ஜியம் வரைக்கும் இறங்கலாம், ஊசியை விட்ட பிறகும் அது திரும்பி வரப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து, கடைசியில் தன் விந்துப் பரிசோதனைத் தாளில் ஒரு அணுகூட இல்லை என்று பார்த்துவிட்டு, 'சும்மா சத்து ஊசிதானே டாக்டர்' என்று கேட்டவர்கள் உண்டு. அந்த முகங்களை மறக்க முடியவில்லை.

அப்புறம், அந்த 270. இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், சாயங்காலம் இறங்கும். காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் நடுவே, வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாளில் பாருங்கள், முந்தின இரவு குடித்திருக்கக் கூடாது. கூடவே எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன், இவற்றையும் பாருங்கள். இரண்டு முறையும் டெஸ்டோஸ்டிரான் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால்தான் குறைவு என்று யோசிக்க வேண்டும்.

என் சந்தேகம் முதலில் குடி மேல்தான். மது, டெஸ்டோஸ்டிரானைச் சுரக்கும் விரைச் செல்களையே நேராகத் தாக்குகிறது, மூளையிலிருந்து வரும் உத்தரவையும் மந்தமாக்குகிறது, தூக்கத்தையும் கெடுக்கிறது (இந்த ஹார்மோன் ஏறுவதே தூக்கத்தில்தான்). வருடக்கணக்கில் குடித்துக் கல்லீரல் கெட்டால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கை ஓங்கி, மார்புகூட வளரும்.

கஞ்சா விஷயம் அவ்வளவு நேர்கோடு இல்லை. டெஸ்டோஸ்டிரான் குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆனால் 2015-இல் வந்த டென்மார்க் ஆய்வில், வாரம் ஒரு முறைக்கு மேல் புகைத்த இளைஞர்களுக்கு விந்தணு அடர்த்தி 28 சதவீதம் குறைவாக இருந்தது. உங்களுக்கு இப்போது அதுதானே முக்கியம்?

ஒன்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கிறேன்: டிரமடால் மாதிரி வலி மாத்திரை போதைக்காகப் போடுகிறீர்களா? அபின் குடும்பத்தைச் சேர்ந்த இந்த ஓபியாய்டு வகைதான் டெஸ்டோஸ்டிரானை மிக வேகமாகக் கீழே தள்ளும். மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? மூன்று மாதம் எல்லாவற்றையும் விடுங்கள், ஒரு விந்தணு உருவாகி வெளியே வரக் கிட்டத்தட்ட அவ்வளவு நாள் பிடிக்கும். காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்றால் மட்டும் தானாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம், வலிப்பு வரலாம், மருத்துவர் மேற்பார்வையில் விடுங்கள். விந்துப் பரிசோதனையை இப்போது ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று எடுங்கள். அப்போதும் டெஸ்டோஸ்டிரான் அளவு ஏறவில்லையென்றால் ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள், விந்தணுவைக் கெடுக்காமல் டெஸ்டோஸ்டிரானை ஏற்ற குளோமிஃபீன், எச்.சி.ஜி. என்று வேறு மருந்துகள் அவர் கையில் இருக்கின்றன.