டைரி எழுதினால் தூக்கம் போகிறதா?

கேள்வி: விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 29. தினமும் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தால் முன்னேறலாம் என்று கேள்விப்பட்டு, படுக்கும் முன் டைரி எழுதுகிறேன். எழுதி முடித்தால் என் மேலேயே வெறுப்பு வருகிறது, தூக்கமும் போய்விடுகிறது. எழுதாமல் விட்டால் அதற்கும் குற்ற உணர்ச்சி. இது எனக்கு ஒத்துவராதா?

பதில்: கட்டாயம் ஒத்துவரும். எழுதும் விதத்தையும் நேரத்தையும் மாற்றினால் போதும்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் ஒரு வரி: "இன்றைக்கும் மீட்டிங்கில் வாயே திறக்கவில்லை. நான் ஏன்தான் இப்படி இருக்கிறேனோ." இந்தக் கேள்வியை ராத்திரி பத்தரை மணிக்குக் கேட்டால், களைத்துப்போன மனசு பழைய தோல்விகளை எல்லாம் இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடும். யேல் பல்கலைக்கழக உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். வேதனையையே திரும்பத் திரும்ப அசைபோடுபவர்களுக்கு மனச்சோர்வு நீடிக்கிறது, பிரச்சினையைத் தீர்க்கும் திறனும் குறைகிறது என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. அதையே பேனா பிடித்துச் செய்தாலும் பலன் அதேதான்.

அந்த மீட்டிங்கை இப்படி எழுதிப் பாருங்கள்:

"காலை 11 மணி மீட்டிங். டெலிவரி ஏன் தாமதம் என்று மேனேஜர் கேட்டார். விவரம் என்னிடம் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் பேச ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டேன். நாளைக்கு என் ஏரியா பற்றிக் கேள்வி வந்தால், உடனே நிலுவை ஆர்டர் எத்தனை என்று சொல்லிவிடுவேன்."

உங்களைப் பற்றிய தீர்ப்பு இதில் எங்குமே இல்லை. என்ன நடந்தது, எந்த இடத்தில் தடுமாறினீர்கள், அடுத்த முறை என்ன செய்வீர்கள், அவ்வளவுதான். கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். "இனி தைரியமாகப் பேசணும்" என்று பொதுவாக உறுதி எடுப்பதைவிட, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று திட்டமிடுபவர்களே அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் பார்க்கலாம். நன்றாக நடந்த ஒன்றையும் இதே மாதிரி விவரமாக எழுதுங்கள். எதனால் சரியாக வந்தது என்று தெரிந்தால்தானே மறுபடி செய்ய முடியும்?

அப்புறம் நேரம். படுக்கையில் வேண்டவே வேண்டாம். பெங்களூரு விப்ரோவில் பயிற்சிக்கு வந்த புதிய ஊழியர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. ஒரு பிரிவினர் நாளின் கடைசி 15 நிமிடத்தில் அன்று கற்ற பாடங்களை எழுதினார்கள். மற்றவர்கள் அந்த நேரத்திலும் வேலையைத் தொடர்ந்தார்கள். இறுதித் தேர்வில் எழுதியவர்களின் மதிப்பெண் சுமார் 23 சதவீதம் அதிகம். நீங்களும் ஆபீஸை விட்டுக் கிளம்பும் முன் எழுதிவிடுங்கள். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும்.

விட்டுப்போன நாளுக்காக வருந்தாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆய்வில் (2010) ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

இப்படி மாற்றிய பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையும் தன்வெறுப்பும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வாரப் பக்கங்களை மொத்தமாகப் படியுங்கள். தினமும் எழுதுவதன் முழுப் பலன் அப்போதுதான் கிடைக்கும். வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்த நாட்களில் எல்லாம் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குப் போயிருப்பது கண்ணில் படலாம். அப்படியானால் அடுத்த வாரம் ஒரு மணிக்கே சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள்.