‘ஃபோமட் பண்ணத்தான் வேணும்’ என்று கடையில் சொன்னால்…

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வீட்டில் இருப்பது 6 வருடப் பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 11. போன மாதம் இடியும் மழையுமாக இருந்த ஒரு பின்னேரம், அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. அன்றிலிருந்து ஸ்டார்ட் மெனு சில நாள் திறப்பதில்லை; இடைக்கிடை நீலத்திரை வருகிறது. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். “சிஸ்டம் ஃபைல் பழுது, ஃபோமட் பண்ணத்தான் வேணும், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்” என்கிறார்கள். மகளின் உயர்தரக் குறிப்புகள், என் வினாத்தாள்கள், குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான். இணையம் டொங்கிளில், டேட்டாவும் அளவோடுதான். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, டீச்சர். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்குப் பெரும்பாலும் ஃபோமட் தேவைப்படாது. ஆனால் வேலையை எந்த இடத்தில் தொடங்குகிறோம் என்பது முக்கியம். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நேரே ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ என்ற அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை அடிக்கப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அந்த ஃபைல்கள் ஏன் பழுதாகின?

சிஸ்டம் ஃபைல், அதாவது விண்டோஸ் ஓடுவதற்கே தேவையான ஃபைல், தானாகக் கெட்டுப்போகிற சாமான் இல்லை. விண்டோஸ் அவற்றைப் பெரும்பாலும் வாசிக்க மட்டுமே செய்கிறது. புதிதாக எழுதுவது அப்டேட் நேரத்தில்தான். உங்களுக்குக் கரண்ட் போனது சரியாக அந்த நேரத்தில் என்பதால் காரணம் கண்முன்னே இருக்கிறது. விண்டோஸ் எழுதும் எதுவும் உடனே டிஸ்க்கில் போய் உட்காராது. கொஞ்ச நேரம் நினைவகத்தில் (ரேம்) காத்திருக்கும்; கரண்ட் போனால் அங்கே இருப்பது அழிந்துவிடும். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கை மட்டும் விண்டோஸ் டிஸ்க்கில் தனியாக ஒரு பதிவில் வைத்துக்கொள்கிறது. எத்தனை சாக்கு எந்த லொறியில் ஏறியது என்று கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் இருக்கும்; சாக்குக்குள் கொழுந்து நனைந்ததா என்பது அதில் இராது. அதேமாதிரித்தான் இதுவும். கரண்ட் வந்தபின் ஃபைலின் பெயரும் அளவும் சரியாக இருக்கும், உள்ளே பாதி வெறுமையாக இருக்கலாம்.

ஆனாலும் 6 வருட ஹார்ட் டிஸ்க் என்றதும் எனக்கு இன்னொரு சந்தேகம் வருகிறது. டிஸ்க்கே தேய்ந்துகொண்டிருந்தால் இன்று சரிசெய்த ஃபைல் இரண்டு வாரத்தில் திரும்பவும் கெடும். கெடாத ஃபைலும் கூடவே போகும். ஆகவே முதல் வேலை படங்களையும் குறிப்புகளையும் வெளியே எடுப்பது.

கம்ப்யூட்டர் ஓடுகிற நாளிலேயே ஒரு பென்டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ பிரதி எடுங்கள். முதலில் மகளின் குறிப்புகள், பிறகு வினாத்தாள்கள், படங்கள் கடைசியில். சிறியதும் திரும்பக் கிடைக்காததும் முன்னால் போகட்டும். பிரதி எடுக்கும்போது ஒரு குறிப்பிட்ட படத்தில் வந்து நின்று நின்று போகிறதா, பெட்டிக்குள்ளே ‘டக், டக்’ என்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் கீழே சொல்லும் திருத்த வேலை எதையும் தொடாதீர்கள். எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். பழைய டிஸ்க்கை இன்னொரு கம்ப்யூட்டரில் கொழுவி மிச்சத்தை எடுப்பது கடைக்காரரின் வேலை.

இதை நான் கைசுட்டுத்தான் கற்றேன். கடை தொடங்கிய புதிதில் ஒருவர் கொண்டுவந்த மடிக்கணினியில் ‘செக்டிஸ்க்’ சோதனையை, டிஸ்க் முழுவதையும் துருவிப் பார்க்கும் அந்த ‘ஆர்’ தெரிவோடு இரவு முழுக்க ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். சாகக் கிடந்த டிஸ்க்கை ஒவ்வோர் அங்குலமாக வாசிக்க வைத்தால் என்ன ஆகும்? காலையில் வந்து பார்த்தால் டிஸ்க்கையே காணோம் என்றது கம்ப்யூட்டர். அவருடைய கலியாணப் படங்களும் அதோடு போயின. செக்டிஸ்க் நல்ல கருவிதான், ஆனால் பிரதி எடுத்தபிறகுதான் அதற்கு இடம்.

டிஸ்க்கின் உடல்நிலை பார்க்க ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சில எம்பிதான், டேட்டாவைத் தின்னாது. திறந்தவுடன் நீல நிறத்தில் ‘குட்’ என்று வந்தால் மேலே போகலாம். மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்தால், பட்டியலில் ‘ரீஅலொகேட்டட் செக்டர்ஸ்’, ‘கரன்ட் பென்டிங் செக்டர்’ என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். அவற்றின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் மாற்றும் காலம் வந்துவிட்டது. மாற்றுவதென்றால், உள்ளே சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்கான எஸ்எஸ்டியாகவே போடுங்கள். கம்ப்யூட்டர் வேகமாகும் என்பது இருக்கட்டும், பழைய டிஸ்க்கோடு இன்னும் ஒரு வருடம் மல்லுக்கட்டுவதை விட அது மலிவு.

சரி, டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனித்தான் கறுப்புத் திரை.

ஸ்டார்ட் மெனு திறக்காவிட்டால் கவலை வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். மேலே ‘ரன் நியூ டாஸ்க்’ என்பதை அழுத்தி, வரும் சிறிய பெட்டியில் ஆங்கிலத்தில் சி, எம், டி என்று மூன்று எழுத்தை அடியுங்கள். கீழே நிர்வாகி உரிமையோடு திறக்கவா என்று கேட்கும் சிறு கட்டத்தில் சரி அடையாளம் போட்டுவிட்டு ஓகே. அந்தச் சரி அடையாளத்தை மறந்தால் பின்னால் வரும் எந்தக் கட்டளையும் வேலை செய்யாது.

இரண்டு கருவிகள் இருக்கின்றன, டிஐஎஸ்எம், எஸ்எஃப்சி. இரண்டையும் எல்லாரும் சொல்வார்கள். எது முதலில் என்பதைத்தான் பலர் மாற்றிச் செய்கிறார்கள். விண்டோஸ் தன் ஃபைல்களின் நல்ல பிரதிகளை உள்ளேயே ஒரு களஞ்சியமாக வைத்திருக்கிறது. ஃபேக்டரியில் ஸ்பெயார் பார்ட்ஸ் ஸ்டோர் இருக்குமே, அதேமாதிரி. எஸ்எஃப்சி பழுதான ஃபைலைக் கண்டால் இந்த ஸ்டோரிலிருந்து எடுத்து மாற்றும். அப்டேட் நேரத்தில் கரண்ட் போனால் ஸ்டோரே பழுதாகியிருக்கலாம். ஸ்டோரில் துருப்பிடித்த சாமான் இருக்கும்போது மெக்கானிக்கைக் கூப்பிட்டு என்ன பயன்? ஆகவே முதலில் ஸ்டோரைச் சரிசெய்யும் டிஐஎஸ்எம், அதற்குப் பிறகு எஸ்எஃப்சி.

போனில் சொல்வது போலவே சொல்கிறேன், ஆங்கில எழுத்தில் அடியுங்கள். டி, ஐ, எஸ், எம், ஓர் இடைவெளி, சாய்வுக்கோடு, ஒட்டியபடி ‘ஆன்லைன்’, இடைவெளி, சாய்வுக்கோடு, ஒட்டியபடி ‘கிளீனப்’, சிறு கோடு, ‘இமேஜ்’, இடைவெளி, சாய்வுக்கோடு, ஒட்டியபடி ‘ஸ்கேன்ஹெல்த்’. பிறகு என்டர். சாய்வுக்கோடு என்பது கேள்விக்குறி இருக்கும் அதே விசை. மற்றப் பக்கம் சாயும் கோட்டை அடித்துவிட்டு “ஒன்றும் நடக்கவில்லை” என்று கூப்பிடுபவர்கள்தான் அதிகம்.

‘ஆன்லைன்’ என்ற சொல்லைப் பார்த்து டேட்டா போய்விடும் என்று பயப்படாதீர்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் என்பதுதான் இந்த இடத்தில் அதன் பொருள். ஸ்கேன்ஹெல்த் சும்மா பார்க்கும், எதையும் இறக்காது. ஸ்டோர் பழுது, ஆனால் திருத்தலாம் என்று முடிவு வந்தால் அதே கட்டளையைக் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றி, ‘ரெஸ்டோர்ஹெல்த்’ என்று அடியுங்கள். இப்போதுதான் டொங்கிள் தேவை; நல்ல பிரதிகளை விண்டோஸ் அப்டேட்டிலிருந்து எடுத்துவரும். சில நேரம் 62.3 சதவீதத்தில் வந்து அசையாமல் நிற்கும். நிற்கட்டும். தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு வாருங்கள், ஜன்னலை மூடிவிடாதீர்கள்.

அது முடிந்ததும் அடுத்தது. எஸ், எஃப், சி, இடைவெளி, சாய்வுக்கோடு, ஒட்டியபடி ‘ஸ்கேன்நவ்’. 100 வரை போனபின் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லும். பழுது எதுவும் இல்லை என்று வந்தால் பிரச்சினை சிஸ்டம் ஃபைலில் இல்லை. கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன் என்று வந்தால் ஒருமுறை மறுதொடக்கம் செய்து, இன்னொருமுறை ஓட்டிப் பாருங்கள். சிலவற்றைத் திருத்த முடியவில்லை என்று வந்தாலும் அப்படித்தான், இரண்டு மூன்று தடவை மறுதொடக்கம் செய்து ஓட்டலாம். அதற்கு மேல் அதையே திரும்பத் திரும்ப அடிப்பதில் அர்த்தமில்லை.

எஸ்எஃப்சி பழுது எதுவும் இல்லை என்று சொல்லியும் நீலத்திரை வந்தால், மின்னலில் அடிவாங்கிய பவர் சப்ளையாகவோ நினைவகமாகவோ இருக்கலாம். முன்பு சொன்ன ‘ரன் நியூ டாஸ்க்’ பெட்டியில் எம், டி, எஸ், சி, எச், இ, டி என்று சேர்த்து அடித்தால் விண்டோஸின் சொந்த நினைவகச் சோதனை வரும். அதை ஓட்டிப் பாருங்கள். பவர் சப்ளையைச் சோதிக்க கடையில் நல்லது ஒன்றைக் கொழுவிப் பார்ப்பதுதான் வழி.

விண்டோஸ் திறக்கவே மறுக்கும் நாள் ஒன்று வந்தால்? தொடக்கம் தொடர்ந்து தோற்றுப்போனால் அதுவே மீட்புத் திரைக்குப் போகும். அங்கே ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’, ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’. கம்ப்யூட்டர் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் இந்த இடத்தில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து, ஒரு தாளில் எழுதிவையுங்கள். இந்த ஒரு சாவி இல்லாமல் டிஸ்க் நன்றாக இருந்தும் படங்கள் கைவிட்டுப் போனதைக் கண்டிருக்கிறேன்.

அந்தக் கறுப்புத் திரையில் எனக்குப் பிடித்த ஒரு தந்திரம் உண்டு. ‘நோட்பேட்’ என்று அடியுங்கள். சாதாரண நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் என்று போனால் ஒரு ஜன்னல் வருமல்லவா, அதுதான் நமக்கு வேண்டியது. கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் கம்ப்யூட்டரில் உள்ள கோப்புறைகள் எல்லாம் தெரியும். படக் கோப்புறையில் வலது கிளிக், கொப்பி. பென்டிரைவுக்குப் போய் வலது கிளிக், பேஸ்ட். விண்டோஸ் செத்துக் கிடக்கும்போதும் இதைச் செய்யலாம். முன்னேற்றம் எதுவும் திரையில் காட்டாது, ஜன்னல் உறைந்ததுபோல இருக்கும். பென்டிரைவின் விளக்கு மினுங்குவதைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருங்கள்.

டிஐஎஸ்எம்மும் எஸ்எஃப்சியும் கைவிரித்துவிட்டாலும் ஃபோமட்டுக்கு முன் இன்னும் ஒரு படி இருக்கிறது. விண்டோஸை அதன் மேலேயே மீண்டும் நிறுவுவது. செட்டிங்ஸில் சிஸ்டம், ரிக்கவரி என்று போனால், விண்டோஸ் அப்டேட் மூலம் பிரச்சினையைத் தீர்க்க, ‘ரீஇன்ஸ்டால் நவ்’ என்ற பொத்தான் இருக்கும். ஃபைல்களும் மென்பொருட்களும் செட்டிங்ஸும் அப்படியே இருக்கும். சிஸ்டம் ஃபைல்கள் மட்டும் புதிதாகும். ஆனால் இது பல ஜிபி இறக்கும், உங்கள் டொங்கிளுக்குக் கட்டாது. டவுனில் நல்ல இணைப்புள்ள ஒரு கொமினிகேஷனிலோ கடையிலோ விண்டோஸ் 11 நிறுவல் கோப்பை 8 ஜிபி பென்டிரைவில் எடுத்துவாருங்கள். பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கக் கூடாது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைத் திறந்து அதிலுள்ள ‘செட்டப்’பை ஓட்ட வேண்டும். அப்போதுதான் ‘தனிப்பட்ட ஃபைல்களையும் ஆப்களையும் வைத்திரு’ என்ற தெரிவு வரும். அந்தத் தெரிவு மங்கலாகத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். மொழியோ பதிப்போ பொருந்தவில்லை என்று அர்த்தம். டிஸ்க்கில் குறைந்தது 20 ஜிபியாவது இடம் இருக்கட்டும்.

இடையில் யாராவது “டிஎல்எல் ஃபைல் காணவில்லை, இந்தத் தளத்தில் இறக்கிப் போடுங்கள்” என்று சொன்னால் கேட்காதீர்கள். டிஎல்எல் என்பது பல மென்பொருட்கள் பகிர்ந்து பாவிக்கும் ஒருவகை ஃபைல். அப்படி இறக்குவது, யார் கைபட்டது என்று தெரியாத ஃபைலை விண்டோஸின் வயிற்றுக்குள் போடுவது. எம்எஸ்விசிபி140 போன்ற டிஎல்எல்கள் காணாமல் போவது பெரும்பாலும் சிஸ்டம் ஃபைல் பிரச்சினையே இல்லை. மைக்ரோசொஃப்டின் விஷுவல் சி++ தொகுப்பை நிறுவினால் சரியாகிவிடும். ஒரு கிளிக்கில் எல்லாம் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ‘கிளீனர்’களும் இதே கணக்கில்தான். திருட்டு விண்டோஸைத் திறக்கும் ‘அக்டிவேட்டர்’ போட்டிருந்தால் எஸ்எஃப்சி திருத்துவதை அது திரும்பவும் கெடுக்கக்கூடும். அந்த மிஷினில் என்ன செய்தும் எனக்கு நம்பிக்கை வராது.

கரண்ட் விஷயம் கொஞ்சம். ஒரு சிறிய யூபிஎஸ் அப்டேட் முழுதாக முடியும்வரை தாங்காது, ஆனால் கம்ப்யூட்டரை முறையாக அணைக்கத் தேவையான சில நிமிடத்தைத் தரும். நேரே விழும் மின்னலை அது தடுக்காது. இடி கேட்டதும் பிளக்கையே கழற்ற வேண்டும், சுவிட்சை அணைப்பது போதாது. எக்ஸ்டென்ஷன் வயரில் எர்த் இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரிஷியனிடம் காட்டிவிடுங்கள். பல லயக் காம்பராக்களில் மூன்று முள் பிளக் இருக்கும், மூன்றாவது முள்ளுக்குப் பின்னால் கம்பி இராது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் இடி பெரும்பாலும் பின்னேரத்தில்தான் முழங்குகிறது. டிஐஎஸ்எம் ஓட்டுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் நீலத்திரை வந்தால் கீழே ‘ஸ்டாப் கோட்’ என்று வரும் வரியைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள், டீச்சர். எஸ்எஃப்சி கடைசியாகச் சொன்ன வரியும் டிஸ்க்குக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டிய நிறமும் கூடவே வரட்டும். கடைக்காரர் சொன்னது சரியா என்பதை அந்த மூன்றையும் பார்த்துச் சொல்லிவிடலாம்.