நீண்ட உரை பாதியில் அறுபடும்போது: பெங்களூரு அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மாரத்தஹள்ளி அன்பர்: மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் தமிழ்க் கட்டுரைகளைச் சேமிக்கிறோம். நீளமானவற்றின் கடைசிப் பகுதி காணாமல் போகிறது, பிழைச்செய்தியும் வருவதில்லை. நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் டிரைவரை மாற்ற வேண்டுமா, ஐயா?

பதில்: வேண்டாம். டிரைவரைத் தொடுவதற்கு முன், உரை எந்த அளவில் அறுபடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். டெக்ஸ்ட் வகை நெடுவரிசை கொள்வது 65,535 பைட் மட்டுமே. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் தேவை; புள்ளியும் இகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லே 15 பைட் பிடிக்கிறது. ஆங்கிலக் கட்டுரைகளை வைத்துச் சோதித்தவர்களுக்கு இந்தக் குறை கண்ணில் படாமலே போய்விடும். அறுபட்ட வரிசையில் பைட் கணக்கில் நீளம் சொல்லும் லெங்த் சார்பை இயக்கிப் பாருங்கள்; 65,535 அல்லது அதற்கு ஓரிரண்டு குறைவாக வந்தால், சேமிக்கும்போதே வெட்டுப்பட்டிருக்கிறது. பொருந்தாத தரவைப் பிழையென்று மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் அணைந்திருந்தால் தரவுத்தளம் வெறும் எச்சரிக்கையோடு வெட்டிவிடும். அதை இயக்கிவிட்டு, நெடுவரிசையை இன்னும் பெரிய வகையான மீடியம்டெக்ஸ்ட் ஆக்குங்கள். ஏற்கெனவே வெட்டுப்பட்ட உரை அதனால் திரும்பி வராது; மூலப்பிரதியிலிருந்துதான் மறுபடி ஏற்ற வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் மூலப்பிரதிகளை அழித்த பிறகே இதைக் கண்டுபிடித்தோம். அந்த வருத்தம் இன்றும் எனக்குண்டு.

அல்சூர் அன்பர்: மைஎஸ்கியூஎல்லில் பல வரிசைகளின் உரையை ஒன்றாகக் கோக்கும் குரூப்_கான்கேட் சார்பின் முடிவு மட்டும் அறுபடுகிறது.

பதில்: அதன் இயல்பு வரம்பு 1,024 பைட். குரூப்_கான்கேட்_மேக்ஸ்_லென் மதிப்பை உயர்த்துங்கள்.

ஒயிட்ஃபீல்டு அன்பர்: எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தை ஓடிபிசி என்ற பொது இணைப்பு முறை வழியாகப் படிக்கும்போது ‘இன்வேலிட் டிஸ்கிரிப்டர் இண்டெக்ஸ்’ என்று பிழை வருகிறது. நெடுவரிசைகளைப் பெயர் சொல்லாமல், ‘எல்லாம்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறியிட்டே எடுக்கிறோம்.

பதில்: காரணம் அந்த நட்சத்திரத்தில்தான் இருக்கக்கூடும். சில ஓடிபிசி டிரைவர்கள் நெடுவரிசைகளை இடமிருந்து வலமாக மட்டுமே படிக்கும். நீண்ட உரையைத் தாண்டிச் சென்றபின், அதற்கு இடப்புறம் இருக்கும் ஒன்றைக் கேட்டால் மறுத்துவிடும். ஆகவே பெயர்களை எழுதி, நீண்ட உரையை வரிசையின் கடைசியில் வையுங்கள். நிரலும் அதே வரிசையில் படிக்கட்டும்.

ஜெயநகர் அன்பர்: பெர்ல் நிரலில் ஆரக்கிள் தரவுத்தளத்தில் குளோப் என்னும் நீண்ட உரை வகையில் உள்ளதை எடுத்தால், நீளம் போதவில்லை என்று நின்றுவிடுகிறது.

பதில்: பெர்லின் தரவுத்தள இடைமுகமான டிபிஐயில், எவ்வளவு நீளம் வரை படிக்கலாம் என்று சொல்லும் லாங்ரீட்லென் மதிப்பை, உங்களிடம் உள்ள மிக நீண்ட உரைக்கு ஏற்ப, வினவலைப் பிரிப்பேர் (தயார்) செய்வதற்கு முன்பே உயர்த்துங்கள். வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை என்று சொல்லும் லாங்ட்ரங்க்ஓகே அமைப்பை இயக்கினால் பிழை நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பிழைச்செய்தி நிற்கும், ஆனால் உரை வெட்டுப்பட்டே வரும்.