தியாங்கோங்கின் ரேடார் படம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2018-ல் சீனாவின் தியாங்கோங்-1 விண்வெளி நிலையம் கடலில் விழுவதற்கு முன், ஜெர்மனியிலிருந்து ரேடாரில் எடுத்த படங்கள் வெளிவந்தன. உடற்பகுதியும் சூரியத் தகடுகளும் தனித்தனியாகத் தெரிந்தன. ரேடார் தூரத்தைத்தானே சொல்லும்? உருவம் எப்படி வந்தது? அந்த நிறங்கள் உண்மையா?

க.

அன்புள்ள க.,

நிறங்கள் உண்மையல்ல. எதிரொலியின் பலத்துக்கு ஏற்பக் கணினி பூசியவை. பல பத்திரிகைகள் அதைப் ‘புகைப்படம்’ என்றே போட்டன.

எடுத்தது பான் நகருக்கு அருகே வாக்ட்பெர்க்கில் உள்ள டீரா ரேடார். 34 மீட்டர் விட்டமுள்ள தட்டு, 1.8 செ.மீ. அலைநீளம். அப்படியிருந்தும் ரேடாரின் அலைக்கற்றை 300 கி.மீ. தொலைவுக்குப் போகும்போது சுமார் 160 மீட்டர் விரிந்துவிடும். நிலையத்தின் நீளமோ 10.4 மீட்டர்தான். கற்றையை நகர்த்தி உருவத்தைத் துழாவ முடியாது.

நீங்கள் சொல்வதுபோல் ரேடார் தூரத்தைச் சொல்லும். 2 கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அதிர்வெண்ணை விரித்தால் 7.5 செ.மீ. வித்தியாசம்கூடத் தெரியும். இது ஒரு அச்சு. குறுக்கு அச்சை இலக்கே தருகிறது, தன் சுழற்சியால். குடைராட்டினத்தைத் தள்ளி நின்று பாருங்கள்: ஒரு பக்கத்துக் குதிரைகள் நம்மை நோக்கி வரும், மறுபக்கத்தவை விலகும், நடுக்கம்பம் இரண்டும் செய்யாது. நெருங்கும் பகுதியின் எதிரொலி அதிர்வெண் கூடும், விலகுவதில் குறையும். அந்த டாப்ளர் வித்தியாசமே குறுக்கே எது எங்கே என்று காட்டிவிடும். தானாகச் சுழலாத செயற்கைக்கோள்கூட வானைக் கடக்கும்போது ரேடாருக்குத் தன் கோணத்தை மாற்றிக் காட்டும். 5 டிகிரி போதும், 10 செ.மீ. இடைவெளியில் உள்ளவற்றைப் பிரித்துவிடலாம்.

சிக்கல், நிலையம் மொத்தமாகவும் ஓடுகிறது, நொடிக்கு 7 கி.மீ.க்கு மேல். அந்த ஓட்டத்தைக் கழித்தாக வேண்டும். கழிப்பதில் 9 மி.மீ. பிசகினால், போய்வரும் தூரத்தில் அது 1.8 செ.மீ., அலையின் கட்டம் (ஏற்ற இறக்கத்தில் அலை இருக்கும் நிலை) ஒரு முழுச் சுற்றே மாறிப்போகும், படம் கலங்கிவிடும். சுற்றுப்பாதைக் கணக்கில் அவ்வளவு துல்லியம் கிடையாது. அதனால் ஒரு திருத்தத்தை ஊகித்துப் படம் போட்டுப் பார்க்கிறார்கள். கூர்மை கூடுகிறதா என்று கவனித்துத் திருத்தத்தையே திருத்துகிறார்கள். எனக்கு இந்த வித்தையில் பிரமிப்பு இங்கேதான். தட்டு பெரியது என்பதில் அல்ல.

இன்னொன்று. அந்தப் படத்தின் ஒரு அச்சு பார்வைத்திசையிலேயே போகிறது. கீழிருந்து கண்ணால் பார்த்தால் தெரியும் தோற்றம் அதுவல்ல. குறுக்களவும் சுழற்சி வேகம் தெரிந்தால்தான் மீட்டராகும். கடைசி நாட்களில் நிலையம் புரண்டுகொண்டிருந்தது. ஆகவே ஒரு தகடு குட்டையாகத் தெரிந்தால் உடனே ஒடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். வேகத்தைத் தப்பாகப் போட்டாலும் அப்படித்தான் வரும்.