"போர் முடிந்துவிட்டது, இப்போது பயிற்சி கேம்ப்தான்" என்கிறார் ஏஜென்ட்: மகனை ஈராக்குக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டு விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். இப்போது தடைக்காலம், வீட்டில் இருக்கிறான். ராமநாதபுரத்தில் ஒருவர் ஈராக்கில் அமெரிக்கக் கேம்ப்பில் சமையல் உதவியாளர் வேலை இருப்பதாகச் சொல்கிறார். சம்பளம் 55,000 ரூபாய், இரண்டு வருட ஒப்பந்தம், செலவு 1,80,000. முதலில் விசிட் விசாவில் துபாய், அங்கிருந்து கூட்டிப்போவார்களாம். "அங்கே போர் முடிந்து பல வருடமாச்சு, இப்போது பயிற்சி கொடுக்கிறார்கள், பயமே இல்லை" என்கிறார். 40,000 ரூபாயும் பாஸ்போர்ட்டும் கொடுத்துவிட்டோம். அனுப்பலாமா?
தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய்.

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. பாஸ்போர்ட்டை எப்படித் திரும்ப வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், "போர் முடிந்துவிட்டது" என்ற பேச்சை நம்பி உங்களைப் போலப் பலர் பணம் கட்டுவதால், அதை முதலில் பார்ப்போம்.

ஏஜென்ட் சொன்னது முழுப் பொய்யில்லை, அதுதான் சிக்கல். அமெரிக்கப் படை ஈராக்கில் எதற்காக இருக்கிறது என்பதற்கான பதில் இருபது வருடத்தில் பலமுறை மாறியிருக்கிறது. 2003 மார்ச்சில் உள்ளே போனபோது, சதாம் உசேனிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன, அதற்காகத்தான் என்றார்கள். அப்படி எந்த ஆயுதக் குவியலும் கிடைக்கவில்லை. அப்புறம் ஜனநாயகத்தை நிறுவுவது நோக்கம் ஆனது. 2007-இல் மதப்பிரிவுகளுக்கு இடையிலான கொலைகளை நிறுத்துவதற்காகப் படை கூட்டப்பட்டது. 2010 ஆகஸ்டில் சண்டை முடிந்தது என்று அறிவித்து நடவடிக்கையின் பெயரையே மாற்றினார்கள். 2011 டிசம்பரில் மொத்தமாகக் கிளம்பினார்கள். 2014 ஜூனில் மொசூல் நகரம் ஐஎஸ் என்ற ஆயுதக் குழுவின் கையில் விழுந்ததும் புதிய நோக்கத்தோடு திரும்பி வந்தார்கள். 2021 டிசம்பரில் மறுபடியும் அறிவிப்பு: சண்டைப் பணி முடிந்தது, இனி ஆலோசனையும் பயிற்சியும்தான். சுமார் 2,500 வீரர்கள் அங்கேயே இருந்தார்கள்.

ஏஜென்ட் உங்களிடம் ஒப்பிப்பது அந்தக் கடைசி அறிவிப்பை. பயிற்சி என்று பெயர் மாறிய பிறகும், 2023 அக்டோபரிலிருந்து சில மாதங்கள் அதே தளங்கள் மேல் ட்ரோன்களும் ராக்கெட்டுகளும் வந்து விழுந்தன. 2020 ஜனவரியில் ஐன் அல்-அசாத் தளத்தை ஈரான் ஏவுகணைகளால் தாக்கியபோதும், அங்கிருந்த படையின் வேலைகளில் ஈராக்கியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் ஒன்று.

இது நம் கரைக்குப் புதிதில்லை. 1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை போன இந்திய அமைதிப்படையின் வேலை, போராளிகள் ஆயுதங்களை ஒப்படைப்பதை மேற்பார்வை செய்வதும் சண்டை நிறுத்தத்தைக் காப்பதும்தான். அதே வருடம் அக்டோபரில் அந்தப் படையே புலிகளோடு போரில் இறங்கியது. 1988-இல் மாகாண சபைத் தேர்தலுக்குக் காவல் நின்றது. 1989-இல் அதிபர் பிரேமதாசா வெளியேறச் சொன்னார், 1990 மார்ச்சில் கடைசி அணி கிளம்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அந்த மூன்று வருடத்தில் போரால் அந்தக் கரையில் மக்கள் பட்ட பாட்டை மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டாலே தெரியும்.

இதற்கும் உங்கள் மகனின் சமையல் வேலைக்கும் என்ன தொடர்பு? கேம்ப்பில் சோறு ஆக்குவது, துணி வெளுப்பது, கழிவறை கழுவுவது எல்லாமே ஒப்பந்த வேலை. அமெரிக்க அரசு ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கொடுக்கும், அது இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கும், அது வளைகுடாவில் ஒரு ஆள் பிடிக்கும் கம்பெனிக்குக் கொடுக்கும். மேலே இருக்கிற ஒப்பந்தத்தை அமெரிக்க அரசு தன் வசதிக்காக எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம், அதற்கான ஷரத்து அதிலேயே இருக்கிறது. நோக்கம் மாறினால் தளம் மூடப்படும், சமையற்கூடமும் அதோடு போகும். 2024 செப்டம்பரில் அமெரிக்க, ஈராக் அரசுகள் அறிவித்த ஏற்பாட்டைப் பாருங்கள். ஐஎஸ்-க்கு எதிரான அமெரிக்கக் கூட்டுப்படையின் பணியை ஈராக்கில் 2025 செப்டம்பரோடு முடிப்பது என்றார்கள். பக்கத்து நாடான சிரியாவில் நடக்கும் நடவடிக்கைக்கான ஒரு பகுதி மட்டும் குறைந்தது 2026 செப்டம்பர் வரை என்றார்கள். படையே எவ்வளவு நாள் என்று உறுதியாகச் சொல்லாத இடத்தில், ராமநாதபுரத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த தைரியத்தில் இரண்டு வருட வேலை தருகிறார்?

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது விசிட் விசா விஷயம். உங்கள் மகன் பத்தாம் வகுப்பு தேறாததால் அவருடையது இசிஆர் பாஸ்போர்ட், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட். ஈராக், அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவருக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். சுற்றுலாப் பயணியாகத் துபாய் போனால் அந்த அனுமதி இல்லாமலேயே ஆளை ஏற்றிவிடலாம். அதற்காகத்தான் இந்தச் சுற்றுவழி. 2004-இல் ஈராக்கில் கொல்லப்பட்ட 12 நேபாளிகளிடம் ஜோர்டானில் ஹோட்டல் வேலை என்றுதான் முதலில் சொன்னார்கள். 2014-இல் மொசூலில் 39 இந்தியத் தொழிலாளர்கள் பிடிபட்டார்கள். அவர்கள் இறந்துவிட்டது 2018 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் உறுதியாகச் சொல்லப்பட்டது. நான்கு வருடம் அந்தக் குடும்பங்கள் காத்துக் கிடந்தன. அவர்கள் ஏஜென்ட் மூலம் முறையில்லாமல் போனவர்கள், தூதரகத்தில் பதிவே இல்லை என்று அரசுத் தரப்பிலேயே சொன்னார்கள். உங்கள் மகனும் அந்தப் பதிவில்லாத கணக்கில் போய்ச் சேர வேண்டாம்.

உரிமம் உள்ள ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீது கொடுக்க வேண்டும். இவர் 1,80,000 கேட்கிறார் என்பதிலேயே ஆள் யார் என்று தெரிகிறது. "சென்னை ஆபீஸுக்கு நான் சப்-ஏஜென்ட்" என்பார்கள். சப்-ஏஜென்ட் என்று ஒரு ஏற்பாட்டைச் சட்டம் ஏற்பதில்லை. உரிமம் இருக்கிறதா என்று வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். இதை ஒரு மீனவத் தாய் எப்படித் தெரிந்துகொள்வார் என்று யாரும் யோசிக்கவில்லை. குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் சென்னையில், ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று தலைமுறை தலைமுறையாகச் சபுராளிகளை, அதாவது கடல் கடந்து பிழைக்கப் போகிறவர்களை, அனுப்புகிற கரை இது. மாதம் ஒருமுறையாவது கலெக்டர் அலுவலகத்தில் ஒரு அதிகாரி வந்து உட்கார்ந்தால் என்ன? மோசடி நடந்த பிறகு விழிப்புணர்வு நோட்டீஸ் ஒட்டுவதில் மட்டும் குறைவில்லை.

ஒரே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்படிப் போய் அடிபட்டவர்களுக்கு யாருமே பொறுப்பில்லை என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். அமெரிக்க அரசின் ஒப்பந்த வேலையாக இருந்தால் அது சரியில்லை. 1941-லிருந்து அமெரிக்காவில் ஒரு சட்டம் இருக்கிறது, டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்று பெயர். வெளிநாட்டில் அவர்களுடைய ராணுவத் தளத்தில் ஒப்பந்த வேலை செய்பவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், துணை ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தாலும், காயத்துக்கும் மரணத்துக்கும் அவருக்காகக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். துணை ஒப்பந்தக்காரர் எடுக்கவில்லை என்றால் மேலே உள்ள பெரிய நிறுவனம் பொறுப்பு. இறந்தவரின் மனைவிக்கு வாரச் சராசரிச் சம்பளத்தில் பாதி கிடைக்கும், பிள்ளை இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு. காயம்பட்டால் 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், பொதுவாக ஒரு வருடத்துக்குள் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் கோரிக்கை போட வேண்டும். ஆனால் ஈராக் எண்ணெய்க் கம்பெனியிலோ தனியார் கட்டட வேலையிலோ இருந்தவருக்கு இது பொருந்தாது. ஆகவே வேலை அமெரிக்க ஒப்பந்தத்தின் கீழ்தான் என்று காட்ட ஆதாரம் வேண்டும்: வேலை ஒப்பந்தத்தின் நகல், கேம்ப் அடையாள அட்டையின் படம், சம்பளச் சீட்டு, சமையற்கூடச் சுவரில் ஒட்டியிருக்கும் காப்பீட்டு அறிவிப்பின் படம். ஏற்கனவே அங்கே ஆள் இருக்கிற வீட்டார் இதை இன்றே வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதிலும் தரகர்கள் புகுந்துவிட்டார்கள். "நஷ்டஈடு வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். இந்த வழக்கில் வக்கீல் கட்டணத்தை அமெரிக்கத் தொழிலாளர் துறை அங்கீகரிக்க வேண்டும், அங்கீகாரம் இல்லாமல் வாங்குவது குற்றம்.

இப்போது உங்கள் பாஸ்போர்ட். முதலில் அதைக் கேளுங்கள், பணம் பிறகு. பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாஸ்போர்ட்டைப் பிணையாக வைத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, ஏஜென்ட் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. இதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள், பதிலை அழிக்காதீர்கள். தரவில்லை என்றால் எஸ்பி அலுவலகத்தில் மனு கொடுங்கள். பணம் கொடுத்த தேதி, யார் முன்னால் கொடுத்தீர்கள், ஜிபேயில் போனதா கையில் கொடுத்ததா என்று மனுவில் எழுதுங்கள். மனு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளிலும் அதே மனுவின் நகலைக் கொடுங்கள். வெளியுறவுத் துறையின் இலவச உதவி எண் 1800 11 3090, அதிலும் புகாரைச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகும் மகனுக்கு வெளிநாட்டு ஆசை இருந்தால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பெயரைப் பதியுங்கள். அங்கே தாமதம் ஆகும், ஆனால் விசிட் விசாவில் ஏற்றிவிட மாட்டார்கள்.