சனிக்கிழமை நிறுவை

அன்புள்ள அக்கா,

கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். ஆசிரியையாக இருக்கிறேன், வயது 44. எங்கள் ஒழுங்கையில் ஏழு பெண்கள் சேர்ந்து, தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒரு ஏற்பாடு செய்தோம். சனிக்கிழமை காலை ஆறரைக்கு எல்லோரும் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்து நிறை பார்ப்பது. யாருக்கு எவ்வளவு என்று வைபர் குறூப்பில் போடுவோம். குறைந்தவருக்குக் கைதட்டல், கூடினவருக்கு 200 ரூபா தண்டம். சேர்கிற காசில் எல்லோரும் கசூரினாக் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். முதல் மாதம் நன்றாகப் போனது. ஒருவர் முதல் வாரமே மூன்று கிலோ குறைத்தார். அவர் சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர். இரவுச் சாப்பாட்டை அடியோடு விட்டுவிட்டார். இப்போது எல்லோருக்கும் ஒரே இடத்தில் நிற்கிறது. பின்வீட்டு அக்கா ஐந்தாம் வாரத்தோடு வருவதை நிறுத்திவிட்டார், குறூப்பிலிருந்தும் விலகிவிட்டார். தண்டத்தை 500 ஆக்கினால் ஆட்களுக்கு அக்கறை வருமா? அரிசிமாப் புட்டை விட்டுக் குரக்கன் புட்டுக்கு மாறினால் குறையுமா? வீட்டில் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீங்கள் ஏதாவது சொன்னால் உதவியாக இருக்கும்.

(பெயர் போட வேண்டாம்)

*

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசித்தேன். அன்று காலைதான் நானும் ஒரு தராசில் ஏறி இறங்கி வந்திருந்தேன். அதனால்தான் மற்றக் கடிதங்களைத் தள்ளி வைத்துவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன். அந்தத் தராசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பேச்சு வாங்கிக்கொள்ளுங்கள். சீனிக்குக் குளிசை போடுகிற ஒருவர் இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறார், நீங்கள் ஆறு பேரும் நின்று கை தட்டியிருக்கிறீர்கள். படித்த பிள்ளைகள் செய்கிற வேலையா இது? சில குளிசைகளும் இன்சுலினும் சாப்பாடு வரும் என்ற கணக்கில் வேலை செய்பவை. சாப்பாடு வராவிட்டால் சீனி நன்றாகக் கீழே இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். நடு இரவில் நித்திரையில் இப்படிச் சீனி இறங்கினால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. இதை வாசித்து முடிக்க முதல் அவருக்குப் போன் எடுத்து, இன்றிரவு சாப்பிடச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக்கில் தான் என்ன செய்தேன் என்று வைத்தியரிடம் சொல்லட்டும். குளிசையின் அளவை மாற்றுவதும் சாப்பாட்டை மாற்றுவதும் சேர்ந்து நடக்க வேண்டிய காரியம்.

அந்த மூன்று கிலோவும் பெரும்பாலும் தண்ணீர். ஈரலிலும் தசையிலும் நாங்கள் சேமித்து வைக்கிற மாச்சத்து, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் முதலில் கரைவது அதுதான், அதோடு தண்ணீரும் போய்விடும். திரும்பிச் சாப்பிட்டால் திரும்பி வரும். அடுத்தடுத்த வாரங்களில் எல்லோருக்கும் "நின்றுபோனது" என்று எழுதியிருக்கிறீர்களே, முதல் மாதத்தில் இறங்கியதில் தண்ணீர் எவ்வளவு என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

குரக்கனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல சாமான், ஆனால் அதுவும் மாதான். இரண்டு நீத்துப்பெட்டி அரிசிமாப் புட்டுக்குப் பதிலாக இரண்டு நீத்துப்பெட்டி குரக்கன் புட்டு, அதே அளவு தேங்காய்ப்பூவோடு சாப்பிட்டால் பெரிய வித்தியாசம் வராது. ஒரு பெட்டியாக்கிவிட்டு, மற்றப் பெட்டியின் இடத்தைக் கீரையாலும் மரக்கறியாலும் நிரப்புங்கள். வீட்டில் சிரிப்பவர்களை விடுங்கள்.

தண்டத்துக்கு வருகிறேன். அதைச் சும்மா விட முடியாது.

2012இல் அம்மாவுக்குச் சீனி என்று கண்டு, மாதம் ஒருமுறை கிளினிக் போய்க்கொண்டிருந்தார். எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை. வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றி, நிறையை உரத்துச் சொல்வார்கள். மேசையில் இருப்பவர் அதைக் கொப்பியில் எழுதுவார். ஒரு மாதம் அம்மாவுக்கு இரண்டு கிலோ கூடிவிட்டது. "என்னம்மா, வீட்டிலை ஒருத்தருக்கும் மிச்சம் வைக்கிறேல்லையோ?" என்று தராசடியில் நின்றவர் கேட்டிருக்கிறார். வரிசை முழுக்கச் சிரித்திருக்கிறது. கேட்டவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. காலையிலிருந்து நூறு பேருக்குமேல் நிறுத்துக் களைத்த ஒரு மனிதர், பகிடியாக ஒன்று சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் அம்மா கிளினிக்குக்குப் போகவில்லை. எங்களுக்குத் தெரியாது. கிளினிக் நாளில் வழக்கம்போல விடியப் புறப்படுவார். வெளிச்சேலை, குடை, கொப்பி போட்ட பை. பஸ் ஏறுவார். நல்லூரடியில் இறங்கி, கோயில் வீதி மணலில், தேர்முட்டி நிழலில் மத்தியானம் வரை இருந்துவிட்டு வீட்டுக்கு வருவார். நெற்றியில் திருநீறு இருக்கும். கிளினிக் முடித்துக் கோயிலுக்கும் போய் வருகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். குளிசையைப் பாமசியில் காசுக்கு வாங்கி, பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார். செருப்புக் கடித்த ஒரு சின்னப் புண் ஆறாமல் கறுத்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. வலது காலின் சின்னவிரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து, "ஏனம்மா சொல்லவில்லை?" என்று கேட்டேன். "எனக்கு வெக்கமா இருந்தது பிள்ளை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது சொல்லுங்கள், உங்கள் பின்வீட்டு அக்கா ஏன் வரவில்லை? 200 ரூபா அவருக்குப் பெரிய காசா? நான்காம் வாரமோ ஐந்தாம் வாரமோ அவருக்குக் கூடியிருக்கும். ஆறு பேர் பார்த்திருக்க, அந்த எண்ணைப் படம் எடுத்து வைபரில் போட்டிருப்பீர்கள். அவரது மகள் வெளிநாட்டில் இருந்தால் அவளிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். இதற்கு மேல் 500 என்றால், கூடிய மற்றவர்களும் ஒவ்வொருவராக, "இந்தச் சனி வேலை இருக்குது" என்று சொல்லத் தொடங்குவார்கள். குறைகிறவர்கள் மட்டும் மிஞ்சியிருந்து ஒருவருக்கொருவர் கை தட்டிக்கொண்டிருப்பீர்கள். குறைகிறவருக்கு ஆள் துணை எதற்கு? கூடின கிழமைதானே ஆளுக்கு ஆள் தேவைப்படுகிறது?

1961இல் நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் ஜீன் நைடெச் என்ற பெண் இருந்தார். அப்போது அவருக்கு 97 கிலோ. நகர சுகாதாரப் பிரிவின் கிளினிக்கில் சாப்பாட்டு அட்டவணை ஒன்றைக் கொடுத்தார்கள். அது யாரும் போய் வாங்கக்கூடிய அட்டவணைதான். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிஸ்கட் பெட்டிகளைக் குளியலறையில் அழுக்கு உடுப்புக் கூடைக்குள் ஒளித்து வைத்து இரவில் சாப்பிடுவார். கிளினிக்கில் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு ஆறு சிநேகிதிகளைக் கூப்பிட்டு அவர்களிடம் சொன்னார். அவர் சொன்னதும் அவர்களும் தாங்கள் ஒளித்து வைப்பதைச் சொன்னார்கள். அடுத்த கிழமை இன்னும் சிலர் வந்தார்கள். அப்படி வளர்ந்ததுதான் 1963இல் வெயிற் வோச்சர்ஸ் என்ற நிறுவனமானது. நீங்கள் விறாந்தையில் செய்வது அந்த வழியில் வந்ததுதான். ஆனால் தராசை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள், பிஸ்கட் கதையை விட்டுவிட்டீர்கள். உங்கள் ஏழு பேரில் யார் எதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு சனிக்கிழமையாவது பேசியதுண்டா?

ஒரு கிழமையில் ஒரு கிலோ கூடினால் அது என்ன என்றாவது பேசினீர்களா? ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டிலோ அந்தியேட்டி வீட்டு வடை பாயசத்திலோ அது வராது. உப்புக் கூடின கருவாட்டுக் குழம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாதவிலக்கை ஒட்டிய நாட்களிலும் உடம்பில் தண்ணீர் நிற்கும். மலச்சிக்கலும் நிறையில் தெரியும். இவ்வளவையும் சேர்த்து வைத்து, அதற்கு ஒரு பெண்ணிடம் 200 ரூபா வாங்குகிறீர்கள்.

எங்கள் ஊரில் உடம்பைப் பார்த்துப் பேசுவது அன்பின் ஒரு பாசையாக இருந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் சண்டையால் வலிகாமத்தை விட்டு எல்லோரும் தென்மராட்சிப் பக்கம் நடந்தோமே, அடுத்த வருடம் திரும்பி வந்தபோது ஒழுங்கையில் ஒருவரை ஒருவர் கண்டதும் முதலில் கேட்டது, "என்ன பிள்ளை, வத்திப்போனாய்?" என்றுதான். அம்மாவின் சட்டைகள் தோளில் நிற்காமல் வழுக்கின. முன்வீட்டு மாமி அவரது மணிக்கட்டைத் தன் இரண்டு விரலால் சுற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு அழுதார். அந்த நாட்களில் "சதை பிடிச்சிருக்கு" என்றால் ஆசீர்வாதம். அதே கண்ணால்தான் இப்போதும் பார்க்கிறோம், வாயில் வருவதுதான் மாறிவிட்டது.

அந்த முன்வீட்டு மாமிதான் அம்மாவை மீட்டார். விரல் எடுத்து வந்து மூன்று மாதம், அம்மா எந்தத் தராசுக்கும் பக்கத்தில் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாமி வந்தார். எங்கள் ஒழுங்கை முடிவில் மா அரைக்கிற மில் இருக்கிறது. நெல்மூட்டை நிறுக்கிற பெரிய தராசு, இரும்புத் தட்டு, பக்கத்தில் கறள் பிடித்த கம்பி. மாமி சொன்னார், "வாங்கோ, அதிலை ஏறுவம். ரெண்டு பேரும் ஒண்டா ஏறுவம். ஆற்றை நிறை கூடினது எண்டு ஆருக்குத் தெரியும்?"

இரண்டு பேரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். தட்டு ஒரு பக்கம் சரிந்தது. மில்லுக்காரப் பெடியன் கல்லை நகர்த்தி, "138" என்றான். மாமி அதைக் கலண்டர்த் தாளில் எழுதினார். பெயர் இல்லை, 138 மட்டும். அடுத்த வெள்ளி 138. அதற்கடுத்த வெள்ளி 139. "நான் நேற்று மருமகள் வீட்டிலை ரோல்ஸ் நாலு சாப்பிட்டனான், அது என்ரை ஒரு கிலோ" என்று மாமி சொல்லிவிட்டார். அவர் அன்று ரோல்ஸ் சாப்பிட்டாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். வீட்டுக்கு வருகிற வழியில் அம்மா, தான் இரவில் எழும்பிச் சீனி போட்டுத் தேத்தண்ணி குடிப்பதை மாமியிடம் சொன்னார். எனக்குச் சொல்லாததை, வைத்தியருக்குச் சொல்லாததை.

அடுத்த மாதம் அம்மா கிளினிக்குக்குப் போனார். மாமி கூடப் போனார். பத்தொன்பது மாதத்தில் அந்த எண் 127 ஆனது. யார் எவ்வளவு குறைத்தார்கள் என்று இருவரும் கடைசிவரை சொல்லவில்லை.

2002இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. சீனி வரும் நிலையில் இருந்த 3,234 பேரை வைத்துச் செய்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிய பகுதியினருக்குக் கொடுத்த இலக்கு பெரிதில்லை: உடம்பு நிறையில் 7 வீதம், கிழமைக்கு 150 நிமிட நடை. 80 கிலோ ஆளுக்கு ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். அவர்களுக்குச் சீனி வருவது, மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களைவிட 58 வீதம் குறைந்தது. முதல் 24 கிழமையில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் தனியாக இருந்து 16 பாடம் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் என்ன நடந்தது, எதில் தவறினீர்கள் என்று கேட்டு, கூட இருந்தார். அந்த ஆய்வை வாசித்தபோது எனக்கு மாமியின் முகம்தான் வந்தது. நடப்பதற்கு உங்களுக்கு இடமா இல்லை? விடியப்புறம் இராமநாதன் வீதியில் பாருங்கள், எத்தனை பேர் நடக்கிறார்கள். ஏழு பேர் சேர்ந்து போனால் நாய்க்கும் பயமில்லை.

வைபரில் இருக்கிற படங்களை எல்லாம் அழித்துவிடுங்கள். தண்டமாகச் சேர்ந்த காசைக் கட்டியவர்களிடமே திருப்பிக் கொடுங்கள், முதலில் பின்வீட்டு அக்காவுக்கு. எண் வேண்டுமென்றால் ஏழு பேரின் நிறையையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதுங்கள். அவரவர் எண் அவரவர் கொப்பியில் இருக்கட்டும். இடுப்பைத் தையல் நாடாவால் மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். எங்கள் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குக் கீழே இருப்பது நல்லது என்று சொல்கிறார்கள், தராசு நிற்கிற மாதத்திலும் நாடா இறங்கக்கூடும்.

வருகிற சனிக்கிழமை நிறுவை வேண்டாம். ஆறரைக்கு நீங்கள் மட்டும் பின்வீட்டுப் படலையைத் திறந்து போங்கள். ஆறு பேரும் சேர்ந்து போகாதீர்கள், அவர் பயந்துவிடுவார். நிறையைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். பிளேன்டீ தருவார், குடியுங்கள். பிறகு நீங்கள் இரவில் ஒளித்துச் சாப்பிடுவது என்ன என்று அவரிடம் சொல்லுங்கள். எனக்கு அது தெரியாது, ஆனால் ஒன்று இருக்கும்.

அம்மா இப்போது இல்லை. மாமிக்கு 81 வயது. இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் மில்லுக்குப் போகிறார், தனியாக ஏற மாட்டார், என்னைக் கூப்பிடுகிறார். நேற்று முன்தினம் 131. போன கிழமை 130. வழியில் நான் அவரிடம், புதன்கிழமை பின்னேரம் அரைப் பைக்கற் மிக்சரைத் தனியாக இருந்து முடித்ததைச் சொன்னேன். "அப்ப உன்ரைதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

போய் வந்த பிறகு எழுதுங்கள்.